ரோமாபுரியின் சாந்து கிடைக்காத கொத்தனார்கள்

சென்ற இதழின் அட்டையில் ஜெர்மனியின் ஆகன் நகரிலுள்ள எண்கோணத் தேவாலயத்தின் படத்தை வெளியிட்டு, 'ரோமானிய மரபைத் தழுவிய இடைக்காலக் கட்டடம்' என்று ஒற்றை வரிக் குறிப்பு எழுதியிருந்தோம். அந்த ஒரு வரி போதவில்லை என்பதை வந்திருக்கும் கடிதங்கள் சொல்கின்றன. ஒரே பொருளைச் சுற்றியே கேள்விகள் அமைந்திருப்பதால், இம்முறை மற்றக் கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

கேள்வி: 'ரோமனெஸ்க்' என்ற சொல்லைப் பல இடங்களில் பார்க்கிறேன். மேற்கு ரோமப் பேரரசு கி.பி. 476இலேயே முடிந்துவிட்டது. அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு கட்டியவற்றுக்கு எப்படி ரோமின் பெயர் வந்தது?

பதில்: அந்தப் பெயரைக் கட்டியவர்கள் சூட்டவில்லை. பிரான்சின் நார்மண்டிப் பகுதியைச் சேர்ந்த பழம்பொருள் ஆய்வாளர் ஷார்ல் த ஜெர்வில் 1818இல் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கனத்த, முரட்டுத்தனமான கட்டடக்கலை ரோமானியக் கலையின் சிதைந்த வடிவம் என்றும், இலத்தீன் மொழி சிதைந்து பிரெஞ்சு முதலிய மொழிகள் பிறந்த அதே காலத்தில் இதுவும் பிறந்தது என்றும், அம்மொழிகளுக்கு வழங்கும் 'ரொமான்' என்ற பெயரையே இதற்கும் வைத்துவிடலாம் என்றும் யோசனை சொன்னார். அடுத்த ஆண்டிலேயே இங்கிலாந்தில் வில்லியம் கன் என்பவரின் நூலில் ஏறத்தாழ அதே பெயர் ஆங்கிலத்தில் அச்சேறியது. ஆக, பெயர் பிறக்கும்போதே அதில் ஓர் இளக்காரம் இருந்தது. இளக்காரம் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இன்று அறிஞர்கள் இச்சொல்லைப் பெரும்பாலும் கி.பி. 1000 முதல் 1150 அல்லது 1200 வரையிலான கட்டடங்களுக்கே பயன்படுத்துகிறார்கள். பிராங்கிய மன்னர் சார்லமேனின் காலத்தையும் அதற்கு அடுத்த ஜெர்மானிய ஓட்டோ மன்னர்களின் காலத்தையும் தனித்தனிப் பெயர்களால் அழைக்கிறார்கள். எனினும் அரைவட்ட வளைவு, கனத்த சுவர், தூண் வரிசை பிரிக்கும் நீண்ட கூடம் ஆகிய மூன்றும் எல்லாவற்றிலும் இருப்பதால், ஒரே கதையின் வெவ்வேறு அத்தியாயங்களாகவே நான் இவற்றைப் படிக்கிறேன். அந்தக் காலத்தவர்களுக்கும் தாங்கள் ரோமைப் பின்பற்றுகிறோம் என்ற எண்ணம் இருந்தது. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட இங்கிலாந்தில் பெனடிக்ட் பிஸ்கப் என்ற துறவி வேர்மத் மடத்தைக் கட்டுவதற்காகக் 'கால்' (Gaul) என்று அன்று அழைக்கப்பட்ட பிரான்சுப் பகுதியிலிருந்து கொத்தனார்களை வரவழைத்து, தாம் விரும்பிய 'ரோமானிய முறைப்படி' கல் தேவாலயம் எழுப்பினார் என்று அம்மடத்திலேயே வளர்ந்த வரலாற்றாசிரியர் பீட் எழுதி வைத்திருக்கிறார்.

கேள்வி: பேரரசு அழிந்தபோது கட்டடத் தொழில் அறிவும் அழிந்துவிட்டதா? அழிந்திருந்தால் இவர்கள் எதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்?

பதில்: இது மிக நல்ல கேள்வி; மற்ற விடைகளெல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன. வடிவங்கள் அழியவில்லை, ஏனெனில் அவை கண்முன் நின்றுகொண்டிருந்தன. நகர வாயில்களும் நீர்ப் பாலங்களும் குளியல் மண்டபங்களும் பாதி இடிந்த நிலையிலேனும் எங்கும் இருந்தன. பழைய ஆங்கிலக் கவிஞர்கள் அத்தகைய இடிபாடுகளை 'இராட்சதர்களின் கைவேலை' என்று பாடினார்கள். மனிதரால் ஆகக்கூடிய வேலையாக அவர்களுக்கு அது தோன்றவில்லை.

அழிந்தது சாந்தின் பக்குவம். நேப்பிள்ஸ் வளைகுடாவை ஒட்டிய புத்தேயோலிப் பகுதியில் கிடைத்த எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்து, உடைகல்லும் சேர்த்து ரோமானியர்கள் ஒரு காங்கிரீட்டைச் செய்தார்கள். தண்ணீருக்குள்ளும் அது இறுகியது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமில் எழுந்த பாந்தியனின் குவிமாடம் 43 மீட்டர் அகலமுள்ளது. உள்ளே ஒரு கம்பிகூட இல்லாமல் அந்தக் காங்கிரீட்டினாலேயே இன்றும் நிற்கிறது. ரோமானியப் பொறியாளனுக்குக் கூரை என்பது வார்த்தெடுக்கும் பொருள். ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே இருந்த இடைக்காலக் கொத்தனாரிடம் அந்தச் சாம்பல் இல்லை, அதைக் கையாளும் பழக்கமும் இல்லை. அவர் கையில் இருந்தவை கல்லும், மெதுவாக இறுகும் சாதாரணச் சுண்ணாம்புச் சாந்தும் மட்டுமே. ரோமானியன் வார்த்த வடிவத்தை இவர் கல் கல்லாக அடுக்கிக் காட்ட வேண்டியிருந்தது. இந்தப் பாணியின் கனமும் முரட்டுத்தனமும் அழகும் இந்த ஒரு நெருக்கடியிலிருந்து வந்தவை என்பது என் கருத்து.

ஏட்டறிவும் ஓரளவு தப்பிப் பிழைத்தது. கட்டடக்கலை பற்றி ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியுஸ் எழுதிய இலத்தீன் நூலின் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பிரதி, சார்லமேன் காலத்தை ஒட்டி எழுதப்பட்டதுதான். ஆனால் பிரதி எடுத்தவர்களுக்கு எல்லாம் புரிந்துவிடவில்லை. சார்லமேனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட் தம் மாணவருக்கு அனுப்பிய கடிதம் ஒன்று இருக்கிறது. விட்ருவியுஸின் நூலில் வரும் சில சொற்கள் விளங்கவில்லை, விசாரித்துச் சொல் என்கிறார். அதோடு, பழைய பாணியில் தந்தத் தூண்கள் வைத்துச் செய்த ஒரு சிறு பேழையைச் சுட்டி, அதைப் பார்த்தால் ஒருவேளை பொருள் விளங்கலாம் என்றும் யோசனை சொல்கிறார். நூலில் உள்ள சொல்லுக்குப் பொருள் தேடி, பேழையின் தூணை உற்றுப் பார்க்கும் அந்தக் காட்சி இந்தக் காலம் முழுவதற்கும் பொருந்தும்.

அதே ஐன்ஹார்ட் செங்கல் கேட்டு எழுதிய கடிதமும் உண்டு. இரண்டு அடிச் சதுரமும் நான்கு விரல் கனமும் உள்ள பெரிய செங்கற்கள் 60, அவற்றைவிடச் சிறிய சதுரச் செங்கற்கள் 200 வேண்டும் என்று அளவோடு குறிப்பிடுகிறார். இரண்டு அடிச் சதுரச் செங்கல் ரோமானியச் சூளைகளில் வழக்கமாகச் சுடப்பட்ட அளவு. சொற்களுக்கு அகராதி தேடிய மனிதருக்குச் செங்கல்லின் அளவில் ஐயம் எதுவும் இல்லை!

கேள்வி: அட்டைப்படத்தில் இருந்த ஆகன் தேவாலயம், இத்தாலியின் ரவென்னா நகரிலுள்ள சான் விட்டாலே தேவாலயத்தின் நகல்தான் என்று படித்தேன். நகலுக்கு இவ்வளவு பெருமை எதற்கு?

பதில்: முன்மாதிரி சான் விட்டாலே என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். ஆனால் 'நகல்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு இரண்டு கட்டடங்களின் தரைப்படங்களையும் அருகருகே வைத்தால், அந்தச் சொல் தாங்காது. 547இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் விட்டாலேயில் உள்ளும் புறமும் எண்கோணம். உள்ளிருக்கும் தூண் வரிசைகள் அரைவட்டமாகப் பின்னோக்கி வளைந்து செல்வதால், நடுவிலிருந்து பார்ப்பவருக்கு இடம் எங்கே முடிகிறது என்பதே தெரியாது. குவிமாடத்தையோ, உள்ளே வெறுமையான சுடுமண் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, கனமே இல்லாதபடி கட்டியிருக்கிறார்கள்.

ஏறத்தாழ 790களில் தொடங்கி 805ஐ ஒட்டி முடிந்த ஆகன் தேவாலயத்தில் உள்ளே எண்கோணம், வெளிச்சுவரோ பதினாறு பக்கம். வளைந்து செல்லும் தூண் வரிசைகளை மெட்ஸ் நகரத்து ஓடோ என்னும் கட்டடக் கலைஞர் கைவிட்டுவிட்டு, கனத்த தூண்களின் மேல், பின்னோக்கி வளையாமல் நேராக நிற்கும் வளைவுகளை அமைத்தார். மேலே இருப்பது எட்டு முகங்களாக மடிந்து உச்சியில் சேரும் கற்கூரை. தரையிலிருந்து சுமார் 31 மீட்டர் உயரம். சுடுமண் குழாய் வித்தை தெரியாத இடத்தில் கல்லைக் கொண்டு அந்த உயரத்தை எட்ட வேண்டுமானால், சுவர் கனத்தே ஆக வேண்டும், அடிப்பகுதி இறுகியே ஆக வேண்டும். ரவென்னாவில் மிதப்பது போலத் தோன்றும் வடிவம் ஆகனில் ஊன்றி நிற்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும் என்று சொன்னால் கலை வரலாற்று ஆசிரியர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும்.

மேல் மாடத்தின் வளைவுகளுக்குள் நிற்கும் மெல்லிய தூண்களைக் கவனித்தால் ஒன்று புலப்படும்: அவை எந்தப் பாரத்தையும் தாங்கவில்லை. அவற்றை எடுத்துவிட்டாலும் கட்டடம் நிற்கும். நின்றும் இருக்கிறது, பிரெஞ்சுப் படை 1794இல் நகரைக் கைப்பற்றிய பிறகு அத்தூண்கள் பெயர்க்கப்பட்டுப் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 1815க்குப் பிறகு ஒரு பகுதிதான் திரும்பி வந்தது. சில தூண்கள் பாரிசின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் தங்கிவிட்டன. பாரம் தாங்காத தூண்களை எதற்காக வைத்தார்கள் என்று கேட்டால், ஐன்ஹார்ட்டே விடை தருகிறார்: வேறெங்கும் கிடைக்காததால் சார்லமேன் தூண்களையும் பளிங்கையும் ரோமிலிருந்தும் ரவென்னாவிலிருந்தும் வரவழைத்தாராம். கி.பி. 800ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் அன்று ரோமில் பேரரசராக முடிசூடிய ஒருவருக்கு, தம் அரண்மனைத் தேவாலயத்தில் ரோமின் கல்லே இருப்பது ஆட்சியுரிமைக்கான சாட்சி.

கேள்வி: பழைய கட்டடங்களை இடித்துக் கல்லை எடுத்துப் புதிய தேவாலயம் கட்டியிருக்கிறார்கள். இதை மரபு என்பதா, கொள்ளை என்பதா?

பதில்: பல இடங்களில் அது வெறும் சிக்கனம். அறுத்துச் செதுக்கிய கல் அருகிலேயே கிடக்கும்போது யாரும் குவாரிக்குப் போக மாட்டார்கள். வட இங்கிலாந்தின் எஸ்கோம்ப் கிராமத்தில் 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த சிறு தேவாலயத்தின் கற்கள் பக்கத்திலிருந்த பின்செஸ்டர் ரோமானியக் கோட்டையிலிருந்து வந்தவை என்று கருதப்படுகிறது. அவற்றுள் ஒன்றில் ரோமானியரின் ஆறாம் படைப்பிரிவைக் குறிக்கும் எழுத்துகள் உள்ளன. அந்தக் கல் சுவரில் தலைகீழாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. பதித்த கொத்தனாருக்கு எழுத்துத் தெரியாதோ, தெரிந்தும் பொருட்படுத்தவில்லையோ; கல்லின் நேரான முகம் அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. 1077இல் தொடங்கிய இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் தேவாலயத்தின் கோபுரமோ ஏறத்தாழ முழுக்க வெருலாமியம் என்ற ரோமானிய நகரத்தின் செங்கற்களால் ஆனது.

இந்தக் கணக்கு ஒரு பக்கமாகவே நின்றுவிடவில்லை. பிரான்சில் 1088இல் தொடங்கி 1130இல் அர்ப்பணிக்கப்பட்ட க்ளூனியின் மாபெரும் தேவாலயம், அதன் காலத்தில் கிறிஸ்தவ உலகிலேயே பெரியது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அது ஏலத்தில் போய், வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு, கற்குவாரியாகவே பயன்பட்டது. இன்று அங்கே எஞ்சி நிற்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

கேள்வி: நான் கட்டடப் பொறியியல் படித்தவன். இந்தத் தேவாலயங்களின் சுவர்கள் ஏன் இவ்வளவு தடிமன்? சன்னல்கள் ஏன் இவ்வளவு சிறியவை? போருக்கு அஞ்சியா?

பதில்: போருக்கு அஞ்சிக் கட்டியவையும் உண்டு. ஆனால் முதற்காரணம் தீ. தொடக்ககாலத் தேவாலயங்கள் ரோமானிய நீதிமன்றக் கூடமான பசிலிக்காவின் அமைப்பைப் பின்பற்றியவை. நடுக்கூடத்துக்கு மேலே மரக்கூரைதான் இருந்தது. ஒரு மெழுகுவர்த்தியோ மின்னலோ போதும், எல்லாம் சாம்பலாகிவிடும். கல்லிலேயே கூரை போட்டால் அந்த அச்சம் குறைகிறது, துறவியரின் பாடலும் கூடத்தில் நெடுநேரம் ஒலித்து நிற்கிறது. ஆகவே 11ஆம் நூற்றாண்டின் கொத்தனார்கள் நடுக்கூடத்தின் மேல் கற்கவிகை, அதாவது வளைந்த கற்கூரை, அமைக்க முயன்றார்கள்.

மரக்கூரை தன் பாரத்தைப் பெரும்பாலும் நேர்கீழாக இறக்கும். கல் கவிகை பக்கவாட்டிலும் தள்ளும் என்பது தங்களுக்குத் தெரிந்ததே. ரோமானியக் காங்கிரீட் கவிகை இறுகிய பின் ஒரே துண்டுபோல் நடந்துகொள்வதால், அங்கே அந்தத் தள்ளுவிசை ஓரளவு அடங்கியிருந்தது. ஆப்பு வடிவக் கற்களை அடுக்கிய கவிகையில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை விடாமல் நெருக்கிக்கொண்டே இருக்கும். அரை உருளை வடிவக் கவிகையானால் சுவரின் முழு நீளத்துக்கும் அந்த நெருக்கல் பரவுகிறது. சுவரில் எங்கே துளையிட்டாலும் பலவீனம். எனவே தடித்த சுவர், சிறிய சன்னல். கட்டும் காலத்திலும் தொல்லைதான்: உச்சிக்கல் பொருந்தும்வரை கவிகை முழுவதையும் கீழிருந்து மரச்சட்டம் தாங்க வேண்டும். இன்றைய கட்டட வேலையில் 'சென்ட்ரிங்' என்கிறார்களே, அதே வேலை. மரத்துக்கும் தச்சனுக்கும் ஆகும் செலவு கல்லுக்கு ஆவதைவிடக் குறைவாக இருந்திருக்காது.

இந்தச் சிக்கலுக்கு ஊருக்கு ஒரு தீர்வு கண்டார்கள் என்பதுதான் இக்காலத்தின் சுவை. பிரான்சின் தூர்னு மடத்தில் ஒருவர் துணிந்து, உருளைக் கவிகைகளைக் கூடத்தின் நீளவாக்கில் ஓடவிடாமல், குறுக்கே ஒன்றையடுத்து ஒன்றாக வைத்துவிட்டார். அடுத்தடுத்த கவிகைகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ள, பக்கச் சுவர் பாரத்திலிருந்து விடுபட்டு, அங்கே பெரிய சன்னல் வைக்க முடிந்தது. பார்வைக்குச் சற்றே விசித்திரமான கூரை அது, பரவலாகப் பின்பற்றப்படவில்லை. ஜெர்மனியின் ஷ்பையர் பேராலயம் 1061இல் மரக்கூரையுடன் அர்ப்பணிக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து ஜெர்மானிய மன்னர் நான்காம் ஹென்றி அதைப் பெருமளவு மாற்றிக் கட்டியபோது, இரண்டு உருளைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் குறுக்குக் கவிகை நடுக்கூடத்தின் மேல் ஏறியது. ரோமானியக் குளியல் மண்டபங்களில் இருந்த அதே வடிவம். பாரம் நான்கு மூலைகளில் இறங்குவதால் இடைச்சுவரில் வெளிச்சத்துக்கு இடம் கிடைத்தது.

எல்லா முயற்சியும் வெற்றி பெற்றுவிடவில்லை. க்ளூனியில் 1125இல் கவிகையின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. பிரான்சின் வெஸ்லே தேவாலயத்தின் நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், இரண்டு பக்கச் சுவர்களும் மேலே போகப் போக வெளிப்புறம் சாய்ந்திருப்பதும், சில வளைவுகள் அரைவட்டம் கெட்டுத் தட்டையாகியிருப்பதும் வெறுங்கண்ணுக்கே தெரியும். பொறியியல் படித்த தங்களுக்கு அந்தச் சாய்வே பாடநூல். 1093இல் தொடங்கிய இங்கிலாந்தின் டர்ஹாம் பேராலயத்தில் கவிகையின் மடிப்புகளுக்குக் கீழே விலா எலும்புகள் போன்ற கல் பட்டைகளை ஓடவிட்டார்கள். ரோமானியரிடமிருந்து விலகிச் செல்லும் பாதை அங்கே தெளிவாகத் தெரிகிறது.

கேள்வி: ரோமானியச் சின்னம் ஒன்றை நேரில் பார்த்து அப்படியே பின்பற்றினார்கள் என்று உறுதியாகக் காட்டக்கூடிய இடம் உண்டா?

பதில்: பிரான்சின் ஓட்டன் நகரத்தைக் காட்டலாம். அங்கே ஆரூ வாயில் என்ற ரோமானிய நகரவாயில் இன்றும் நிற்கிறது. அதன் மேல்தளத்தில் சிறு வளைவுகளும், அவற்றுக்கிடையே செங்குத்தான வரிப்பள்ளங்கள் வெட்டிய தட்டைத் தூண்களும் உள்ளன. 12ஆம் நூற்றாண்டில் அதே ஊரில் எழுந்த செயின்ட் லாசர் பேராலயத்தினுள் நுழைந்து நடுச்சுவரின் இடைமாடத்தைப் பார்த்தால், அந்த வளைவுகளும் வரிப்பள்ளத் தூண்களும் அப்படியே வந்திருக்கின்றன. தலைவாசல் சிற்பத்தில் 'கிஸ்லெபெர்ட்டுஸ் இதைச் செய்தான்' என்று இலத்தீனில் வெட்டப்பட்டிருப்பது புகழ்பெற்றது. அப்பெயர் சிற்பியுடையதா, புரவலருடையதா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 1766இல் இந்தச் சிற்பத்தை அழகற்றது என்று கருதிச் சாந்து பூசி மூடிவிட்டார்கள். அதனாலேயே புரட்சிக்காலத்தில் அது தப்பியது!

ஜெர்மனியின் ஹில்டெஸ்ஹைமில் ஆயர் பெர்ன்வார்ட் வார்ப்பித்த வெண்கலத் தூணும் இந்த வரிசையில் சேரும். அவர் 1001இல் ரோமுக்குப் போயிருந்தார். திராயான் பேரரசரின் போர்கள் சுருள்சுருளாக ஏறிச்செல்லும் தூணை மனத்தில் வைத்து, போர்களுக்குப் பதிலாக இயேசுவின் வாழ்க்கை சுருண்டு ஏறும் தூணை எழுப்பினார். உயரம் நான்கு மீட்டருக்கும் குறைவு.

கேள்வி: ஒரே ஒரு ஊரைத்தான் பார்க்க முடியும் என்றால் எதைச் சொல்வீர்கள்?

பதில்: ஜெர்மனியின் ட்ரையர். ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துச் செங்கல் அரசவைக் கூடம், ரோமானியச் சுவர்களையே உள்ளே பொதிந்து வளர்ந்த பேராலயம், இரண்டுக்கும் சற்றுத் தள்ளி 'கரிய வாயில்' என்னும் போர்ட்டா நீக்ரா ஆகிய மூன்றும் நடந்தே பார்க்கக்கூடிய தொலைவில் உள்ளன. அந்த வாயிலின் கற்களை அருகில் நின்று பாருங்கள். முகமெல்லாம் பொத்தல்கள். சாந்தில்லாமல் அடுக்கிய கற்களைப் பிணைத்திருந்த இரும்புக் கவ்விகளை இடைக்காலத்தவர்கள் குடைந்து எடுத்த தழும்புகள் அவை. வாயில் முழுவதுமே அப்படிக் கரைந்து போயிருக்கும். ஆனால் சிமியோன் என்ற துறவி அதற்குள் தம்மை அடைத்துக்கொண்டு வாழ்ந்து 1035இல் மறைந்தார், அவர் நினைவாக அது தேவாலயமாக மாற்றப்பட்டது. நெப்போலியன் அந்தத் தேவாலயத்தை அகற்ற ஆணையிட்டும், கிழக்கே ஒட்டியிருந்த 12ஆம் நூற்றாண்டு அரைவட்டப் பகுதி மட்டும் எஞ்சியிருக்கிறது. ரோமானியக் கல்லும் ரோமனெஸ்க் கல்லும் ஒரே சுவரில் தொட்டுக்கொண்டிருப்பதை அங்கே காணலாம்.

கேள்வி: இந்தப் பாணி எப்போது, எப்படி முடிவுக்கு வந்தது?

பதில்: ஒரே நாளில் முடியவில்லை, ஜெர்மனியிலும் இத்தாலியிலும் அது 13ஆம் நூற்றாண்டு வரை தொடர்ந்தது. ஆனால் திருப்பம் என்று குறிப்பிடுவதானால், பாரிசுக்கு அருகிலுள்ள செயின்ட் டெனிஸ் மடத்தில் 1140க்கும் 1144க்கும் இடையே மடத்தலைவர் சுஜேர் கட்டிய பின்பகுதியைத்தான் குறிப்பிட வேண்டும். கூர்வளைவும் விலாக் கவிகையும் மெல்லிய தூண்களும் சேர்ந்து, சுவரைக் கண்ணாடியாக்கிய கோதிக் பாணி அங்கே உருப்பெற்றது. அதே சுஜேருக்கு ரோமின் மீதிருந்த மோகமும் குறைந்ததில்லை. தம் மடத்துக்குத் தேவையான தூண்களை ரோமிலுள்ள தியோக்ளேஷியன் குளியல் மண்டபத்திலிருந்தே பெயர்த்து, மத்தியதரைக் கடல் வழியாகவும் ஆங்கிலக் கால்வாய் வழியாகவும் சேன் ஆற்றின் வளைவுகள் வழியாகவும் கப்பலில் கொண்டுவரலாமா என்று தாம் திட்டமிட்டதை அவரே எழுதியிருக்கிறார். அதற்குள் பக்கத்திலேயே பொந்துவாஸ் அருகில் தரமான கற்குவாரி ஒன்று கிடைத்துவிட்டது. அந்தத் தூண்களைப் பள்ளத்திலிருந்து மேலே கொண்டுவரும் ஒவ்வொரு முறையும், ஊர்ப் பெரியவர்களும் எளியவர்களும் தோளிலும் மார்பிலும் கயிற்றைக் கட்டிக்கொண்டு, வண்டிமாடுகளைப் போல இழுத்தார்களாம்.